யாரு வச்ச விரல்

கச்சால்
19.1.2014

என் தங்கச்சி உதயாவுக்கு அக்கா சித்ரா எழுதுறது. இங்க நானும் உன் மச்சானும் சுகம். அவருக்குப் பொங்கலுக்கு முன்னாடி நாலு நாள் காய்ச்சல். இப்ப தேறி பவர் ஹவுஸ் டூட்டிக்குப் போறாரு. உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல டாலிகஞ்ச் முக்குல விக்கிற சமோசாவே சாப்பாடா?

போன்ல கேக்கலாம்னா, இந்தத் தீவுல டவர் வர்ற நாளைவிட வராத நாள்தான் அதிகம். அதான் கப்பல்ல கடுதாசி போடுறேன்.

மொபைல் கடையில கவுண்டர் வேலை கிடைச்சதுல எங்களுக்கு ரொம்ப சந்தோசம். ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குற முதல் ஆளு நம்ம குடும்பத்துல நீதான். தலைகால் புரியாம ஆடாத.

ஒண்ணு கேக்கணும். டிசம்பர்ல நம்ம ஆளுங்க சாமான் வாங்க போர்ட் பிளேர் வந்தப்ப, உன் கடையில எல்லார் கிட்டயும் அங்கூட்டா வாங்குனாங்களாமே? கட்டை விரல் வச்சாத்தான் மெம்பர் கார்டு, கார்டு இருந்தாத்தான் சிம்முன்னு சொன்னாங்களாம். சௌல்தாரியில இருக்கிற என் மாமனாரும் வச்சாராம். இலங்கையிலிருந்து வந்தப்ப மண்டபம் கேம்புல நம்ம அப்பாகிட்ட பத்து விரலும் உருட்டி வாங்குனாங்க. அது சர்க்காரு. ஒரு போன் கடைக்கு எதுக்குடி விரலு?

பதில் போடு. உடம்பைப் பாத்துக்க.
அக்கா சித்ரா

டாலிகஞ்ச்
6.2.2014

அக்காவுக்கும் மச்சானுக்கும் உதயா வணக்கம் சொல்லி எழுதிக்கிறேன். நான் நல்லா இருக்கேன். சமோசா வாரத்துக்கு ரெண்டு நாள்தான், சத்தியமா.

நீ எதைக் கேட்டாலும் போலீஸ்காரி மாதிரியே கேளு! எங்க அலைமகள் மொபைல்ஸ்ல இது புது ஏற்பாடுக்கா. ஒரு தடவை போட்டோவும் அடையாள அட்டை ஜெராக்ஸும் குடுத்து விரல் வச்சுட்டா போதும். அப்புறம் எப்ப வந்தாலும் ஃபாரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டுவோம், அவங்க விரல் வைப்பாங்க, பச்சை லைட் எரியும், ஆச்சு. கையெழுத்துப் போடத் தெரியாத நம்ம ஆளுங்களுக்கு இது எவ்வளவு வசதி சொல்லு. ஃபாரத்தை வச்சுக்கிட்டு "கொஞ்சம் எழுதிக் குடுங்க சாப்"னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் கெஞ்ச வேண்டாம்ல.

முதலாளி கிருஷ்ணமூர்த்தி சார் என்மேல நல்ல அபிப்ராயமா இருக்கார். நம்ம பழைய ரப்பர் தோட்டத்து ஆளுங்க மட்டும் பதினோரு பேரை நான் சேத்துவிட்டேன். உன் மாமனார் முருகையா மாமாவும் அதுல ஒருத்தர். ஒருவழியா எல்லாருக்கும் பதிஞ்சாச்சு.

மச்சானுக்கு மாத்திரை ரெண்டு அட்டை அனுப்பியிருக்கேன்.
உன் உதயா

கச்சால்
2.3.2014

உதயாவுக்கு அக்கா. மாத்திரை வந்துச்சு. அதை எடுத்துப் பாத்ததுமே உன் மச்சானுக்கு வர இருந்த காய்ச்சலும் ஓடிப்போச்சு. அப்படி ஒரு பயம் மாத்திரைன்னா.

உன் கடுதாசியை அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். மூணு கேள்வி கேக்கச் சொன்னாரு. அந்த விரலை எல்லாம் எங்க வச்சிருக்காங்க? யாரு யாரு அதை எடுத்துப் பாக்கலாம்? ஒருத்தர் கார்டு வேண்டாம்னு சொன்னா விரலைத் திருப்பிக் குடுப்பாங்களா? எனக்கும் அதே கேள்விதான். போன் தொலைஞ்சா இன்னொண்ணு வாங்கலாம். விரலுக்கு எங்கடி போறது?

நாலாவதா நான் ஒண்ணு கேக்குறேன். எங்க மாமா நாப்பது வருசம் பால் வெட்டுன ஆளு. ரப்பர் பாலும் ஆசிட்டும் பட்டு அவரு விரல் ரேகையெல்லாம் தேஞ்சு வழவழன்னு கிடக்கும். போன வருசம் அடையாள அட்டைக்குக் கேம்பு போட்டப்ப அரை நாள் அந்த விரலைத் துடைச்சுத் துடைச்சு வச்சுப் பாத்துட்டு, பதியலைன்னு எழுதிட்டு விட்டாங்க. உங்க கடை மெஷின்ல மட்டும் எப்படிப் பதிஞ்சுச்சு?

சும்மாதான் கேக்குறேன். ஆனா பதில் எழுது.
சித்ரா

டாலிகஞ்ச்
11.4.2014

அன்புள்ள அக்காவுக்கு உதயா. சுகமா? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது. தண்ணி ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருது, அதுக்கு வீட்டுக்காரம்மாவோட தினம் ஒரு சண்டை.

போன ஞாயித்துக்கிழமை சௌல்தாரி போயிருந்தேன். மாமாவும் பேச்சியம்மா அத்தையும் நல்லா இருக்காங்க. கத்திரிச் செடி நல்லா காய்ச்சிருக்கு. நீ அனுப்புற பணத்துல ஒரு மழைக்கோட்டு வாங்கியிருக்காரு மாமா, வெயில்லயும் அதைப் போட்டுக்கிட்டுத் திரியுறாரு. அத்தை திட்டுறாங்க. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்து வலி.

மச்சான் கேட்டதை முதலாளிகிட்ட கேட்டேன். எல்லாம் மெயின்லாண்ட்ல சர்வர்ல பத்திரமா இருக்குன்னு சொன்னாரு. திருப்பிக் குடுக்குறதைப் பத்திக் கேட்டேன். சிரிச்சாரு.

உனக்கு ரெண்டு நைட்டி, தையல் நூல் கண்டு பத்து அனுப்பியிருக்கேன். கலர் பிடிக்கலேன்னா சொல்லு.
உதயா

டாலிகஞ்ச்
28.5.2014

அக்கா, இதைப் படிச்சதும் பதறாத. மச்சானையும் உக்காரச் சொல்லு.

முந்தா நாள் முருகையா மாமாவைப் போலீஸ் தானாவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. மெயின்லாண்ட்லேர்ந்து ரெண்டு போலீஸ் வந்திருக்கு. அங்க ஒரு காலேஜ் பொண்ணுக்கு ரெண்டு மாசமா எவனோ அசிங்க அசிங்கமாப் பேசி, போட்டோவைப் போட்டுருவேன்னு மிரட்டியிருக்கான். அந்தப் பொண்ணு விஷம் குடிச்சுப் பொழைச்சிருக்கு. அந்த நம்பர் மாமா பேர்ல இருக்கு. அவர் பேர்ல இன்னும் ரெண்டு நம்பரும் இருக்காம். எல்லாமே எங்க கடையில வாங்குன சிம்.

"எனக்குப் போனு வந்தா எடுக்கத்தான் தெரியும் சாப், போடத் தெரியாது"ன்னு மாமா சொல்லிருக்காரு. இன்ஸ்பெக்டர் சிரிச்சுட்டாராம். ஆனா முதலாளி கம்ப்யூட்டரைத் திறந்து காட்டிட்டாரு. பிப்ரவரி இருபதாம் தேதி முருகையா விரல் வச்சு சிம் வாங்கியிருக்கார்னு அதுல இருக்கு. மெஷின் பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டாரு.

ராத்திரிக்கு வீட்டுக்கு அனுப்பிடுறாங்க, தினம் காலையில போய் உக்காரணும். அடுத்த மாசக் கடைசிக் கப்பல்ல அவரை மெயின்லாண்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்களாம். அறுபத்தெட்டு வயசு மனுசன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்காரு. பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க இப்ப அவரைப் பாத்தா உள்ள போயிடுதுங்களாம். அத்தை அழுவுறாங்க.

அவர் செய்யலைன்னு எனக்கு நல்லாத் தெரியும்க்கா.
உதயா

கச்சால்
12.6.2014

உதயாவுக்கு. சுகம் விசாரிக்க எனக்கு இப்ப மனசு இல்ல. நீ சுகமாத்தான் இருப்ப.

மழை பிடிச்சுக்கிச்சு, ரெண்டு கப்பல் கேன்சல். உன் மச்சான் லீவு கேட்டுட்டு கப்பல் ஏறுற ஜெட்டியிலேயே கிடக்குறாரு. நாங்க வர முடியாத இந்த நேரத்துல அங்க எங்களுக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான். அதனால நான் சொல்றதைச் செய்.

"நல்லாத் தெரியும்"னு எழுதியிருக்கியே. எப்படித் தெரியும்? மாமா நல்லவருங்கிற நம்பிக்கையில சொல்றியா, இல்ல தெரிஞ்சு சொல்றியா? அந்த வரியை அஞ்சு தடவை படிச்சேன். மார்ச்சுல நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதல. நைட்டி கலரைப் பத்தி எழுதுன.

இன்ஸ்பெக்டர்கிட்ட போ. அந்த மெஷின்ல எங்க மாமா விரலை எல்லார் முன்னாடியும் வைக்கச் சொல்லு. அது பதியாதுன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பதியலேன்னா, பிப்ரவரியில வச்சது யாரு விரலுன்னு அவங்களே கேப்பாங்க. யாரு விரலு உதயா?

அந்த மனுசனைக் கப்பல் ஏத்துறதுக்குள்ள எனக்கு இது தெரியணும். உன் வேலை போனா போகுது.
சித்ரா

டாலிகஞ்ச்
24.6.2014

அக்கா,

என் விரல்.

டிசம்பர்ல நம்ம ஆளுங்க வந்து வரிசையில நின்னாங்க. மாமாவைத்தான் முதல்ல வைக்கச் சொன்னேன். மெஷின் கீ கீன்னு கத்துது. ஆறு தடவை துடைச்சு வச்சாரு. பின்னாடி நின்ன ஒருத்தன், "இந்தக் கிழவனுக்கு விரலே இல்லையா பாய்"னு ஹிந்தியில கேட்டுச் சிரிச்சான். மாமா கையைத் தோள் துண்டுக்குள்ள மறைச்சுக்கிட்டாரு. எனக்குத் தாங்கலக்கா. "நான் பாத்துக்கிறேன் மாமா"ன்னு சொல்லி என் விரலை வச்சேன். பச்சை லைட் எரிஞ்சுது. வரிசையில நின்ன நம்ம பத்துப் பேரும் பால் வெட்டுனவங்கதானே, அவங்களுக்கும் அதே விரலு, எல்லாருக்கும் நானே வச்சேன். கார்டு கிடைச்ச சந்தோசத்துல ஒரு அம்மா என் கன்னத்தைத் தடவுனாங்க. ஒரே நாள்ல பதினோரு கார்டான்னு முதலாளி பாராட்டுனதும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதையும் மறைக்க மாட்டேன்.

நான் விரல் வச்சதை முதலாளி அன்னைக்கே பாத்துட்டாரு போல. ஜனவரியிலேர்ந்து கடை சாத்துற நேரத்துல கூப்பிடுவாரு. "உதயா, சிஸ்டம் மூடணும், ஒரு விரல் வை"ன்னு சொல்லுவாரு. நான் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே வச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். ஸ்கிரீன்ல யாரு பேரு இருக்குன்னு ஒரு நாள்கூட குனிஞ்சு பாக்கல. நான் விரல் வச்ச ஒவ்வொரு தடவையும் நம்ம ஆளுங்க பேர்ல ஒரு சிம் வெளிய போயிருக்கு. அந்தப் பொறுக்கிக்குப் போனதும் அப்படித்தான்.

நீ மார்ச்சுல கேட்டப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். போலீஸ் வந்த அன்னைக்கும் பயந்துட்டேன். மாமாவுக்குச் சோறு கொண்டு போய் தானா வாசல்ல குடுத்துட்டு, உள்ள போய்ச் சொல்லாம திரும்பி வந்தேன், அதுவும் நாலு நாள். இதை எழுதுறப்ப என் மேலயே எனக்குக் காறித் துப்பலாம்போல இருக்கு.

நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிடுவேன். இந்தக் கடுதாசியை முதல்ல போஸ்ட் பண்ணிட்டுத்தான் போவேன். அப்பத்தான் திரும்ப முடியாது.
உதயா

டாலிகஞ்ச்
27.7.2014

அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். சுகமா இருப்பீங்கன்னு நம்புறேன். மூணு கப்பல் வந்துச்சு, உன் கடுதாசி வரல. போன வாரம் மச்சான் சௌல்தாரிக்கு வந்துட்டுப் போனாங்கன்னு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாலிகஞ்ச் வழியாத்தானே பஸ் போகுது. சரி.

நடந்ததைச் சொல்லிடுறேன். போன மாசம் இருபத்தஞ்சாம் தேதி தானாவுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் நம்பல. மெஷினையும் கம்ப்யூட்டரையும் முதலாளியோட சேத்து வரவழைச்சாங்க. முருகையான்னு பேரைத் தட்டுனாங்க. மாமா விரல் வச்சாரு, சிவப்பு. திரும்பத் திரும்பச் சிவப்பு. அப்புறம் நான் வச்சேன். மாமாவோட போட்டோ வந்துச்சு. அடுத்த பேரு, என் விரல், அவங்க போட்டோ. அப்படியே பதினோரு பேரும் வந்தாங்கக்கா. மெயின்லாண்ட் போலீஸ்காரர் தொப்பியைக் கழட்டி மேஜை மேல வச்சுட்டு, "இந்த ஒரு விரலுக்கு எத்தனை சிம் போச்சு?"ன்னு கேட்டாரு. நாப்பத்தாறு.

மாமாவை அன்னைக்கே விட்டுட்டாங்க. முதலாளி எல்லாத்தையும் என் தலையில போட்டுட்டாரு, நான்தான் வித்தேனாம். நான் சாட்சியா, குத்தவாளியான்னு இன்னும் முடிவாகல. பத்து விரலையும் மையில உருட்டி எடுத்தாங்க. வேலையும் போச்சு.

வெளிய வந்ததும் மாமா கால்ல விழப் போனேன். தூரப் போன்னு கையைக் காட்டிட்டு நடந்துட்டாரு. அது நியாயம்தான்.

அந்த மெயின்லாண்ட் சர்வர்ல பதினோரு பேர் போட்டோவும் அட்டை நகலும் இன்னும் இருக்கு. அதை அழிக்க வைக்காம விடமாட்டேன். அந்த மெஷின் கம்பெனிக்கு ரெண்டு லெட்டர் போட்டுட்டேன். பதில் இல்ல. மூணாவதும் போடுவேன்.
உதயா

கச்சால்
24.8.2014

உதயாவுக்கு.

ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். இதையாவது அனுப்புறேன். உன்னைப் பத்தி இதுல ஒண்ணும் எழுதல. எழுதுனா இதையும் கிழிச்சுருவேன்.

பதினோரு பேருல ஆறு பேர் கச்சால்ல இருக்காங்க. மழையோட மழையா ஒவ்வொரு வீடாப் போய் விசயத்தைச் சொன்னேன். காத்தமுத்து அண்ணன் வீட்டுல, "நம்ம புள்ளைதானே வச்சுச்சு, விடும்மா"ன்னாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. நாளைக்கு உங்களைத் தேடி போலீஸ் வந்தா அப்பவும் விடும்மான்னுதான் சொல்லுவீங்களான்னு கேட்டேன். செல்லம் அக்கா மட்டும், "நாங்க அன்னைக்கு அவ விரல் வைக்கிறதைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னோம், வேண்டாம்னு சொன்னோமா"ன்னு கேட்டாங்க.

ஆறு பேரும் மனு எழுதி இந்தக் கடுதாசியோட சேத்து அனுப்புறாங்க. எங்க விரலு இல்லாத கார்டு, எங்க போட்டோ, எங்க அட்டை நகல், எல்லாத்தையும் அழிக்கணும்னு எழுதியிருக்கு. சௌல்தாரியிலயும் ஷாதிபூர்லயும் இருக்கிற அஞ்சு பேர்கிட்ட நீ வாங்கு. கதவைச் சாத்துனா வாசல்ல நில்லு. ஒரு லெட்டரை மதிக்காதவன் பதினோரு லெட்டரையும் மதிக்காம இருக்கானான்னு பாப்போம்.

உன் மச்சானுக்குக் கோவம் தீரல. விட்டுருங்கன்னு நான் கேக்கவும் இல்ல.
சித்ரா

டாலிகஞ்ச்
12.10.2014

அன்புள்ள அக்கா, மச்சான் இருவருக்கும் வணக்கம். நான் நல்லா இருக்கேன். சோனியான்னு ஒரு பொண்ணு நடத்துற தையல் கடையில வேலை. அதுக்கு முன்னாடி பஜார்ல ரெண்டு கடையில வேலை குடுக்குறேன்னு சொன்னாங்க. ரெண்டு இடத்துலயும் வருகைக்கு விரல் வைக்கணும்னாங்க. கையெழுத்துன்னா போடுறேன், விரல் வைக்க மாட்டேன்னு சொன்னேன். வேலை இல்லைன்னுட்டாங்க. சரின்னு வந்துட்டேன்.

மனு பதினொண்ணும் வாங்கிட்டேன். மாமாகிட்ட வாங்கத்தான் நாலு நடை. நாலாவது நாள் அத்தை, "அவ நிக்கிறது தெரியலையா உங்களுக்கு"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. எழுதச் சொன்னாரு.

போன வாரம் மெஷின் கம்பெனி ஆளு ஒருத்தரு லேப்டாப்போட சௌல்தாரிக்கு வந்தாரு, இங்க இருக்கிற அஞ்சு பேரும் வந்திருந்தாங்க. போலீஸ் நகல் எடுத்துட்டதால இப்ப அழிக்கலாமாம். ஆனா அழிக்கிறதுக்கும் அவங்கவங்க விரல் வைக்கணும்னு சொன்னாரு! யாரு வச்சாலும் பதியாதே. கடைசியில நானே வச்சேன், இந்தத் தடவை ஒவ்வொரு பேரையும் சத்தமாப் படிச்சுட்டு வச்சேன். ஒவ்வொரு போட்டோவா மறைஞ்சுது.

"ஆச்சும்மா"ன்னு லேப்டாப்பை மூடப் போனாரு. பேச்சியம்மா அத்தை அதுமேல கையை வச்சுட்டாங்க. "வெறும் ஸ்கிரீனை யாரு வேணா காட்டலாம் தம்பி. எழுதிக் குடு. பதினோரு பேருக்கும் தனித்தனியா, சீல் போட்டு." அவரு இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு. அத்தை தரையில உக்காந்துட்டாங்க. வந்திருந்த எல்லாரும் உக்காந்தாங்க. மூணு மணி நேரம் ஆச்சு, எழுதிக் குடுத்தாரு. கச்சால் ஆளுங்களோடது இந்தக் கவர்ல இருக்கு, சேத்துரு.

என் பேர்ல இருக்கிற விரல் பதிவை மட்டும் அழிக்க முடியாதாம், கேஸ் முடியணுமாம். முதலாளியோட வக்கீல் நேத்து வந்து, மாமாதான் என்னை விரல் வைக்கச் சொன்னாருன்னு வாக்குமூலத்தை மாத்திக் குடுத்தா என் பேரைக் கேஸ்லேர்ந்து எடுத்துடலாம்னு நைசாச் சொன்னாரு. டீ குடிச்சிட்டுப் போங்கன்னு அனுப்பிட்டேன்.

நவம்பர் பதினெட்டு முதல் வாய்தா. எத்தனை வருசம் இழுத்தாலும் ஒவ்வொரு தடவையும் போய் நின்னு, வச்சது நான்தான்னு சொல்லுவேன். எதுக்கு வச்சேன்னும் சொல்லுவேன். ஊர்ல என்னைப் பாத்தா, விரல் வச்சவ போறான்னு பேசுறாங்க. பேசட்டும்.
உன் உதயா

கச்சால்
2.11.2014

உதயாவுக்கு அக்கா. சுகமா? இங்க ரெண்டு பேரும் சுகம். ஆறு பேருக்கும் காகிதத்தைக் குடுத்துட்டேன். காத்தமுத்து அண்ணன் பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டியில வச்சுட்டாரு.

எனக்கு இன்னும் கோவம் போகல. தப்பு பண்ணதுக்குக்கூட இல்ல. எங்கிட்ட ஆறு மாசம் மறைச்சியே, அதுக்குத்தான். நேர்ல நாலு அறை இருக்கு உனக்கு, தயாரா இரு.

பதினஞ்சாம் தேதி கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. உன் மச்சான்தான் கியூவுல நின்னு எடுத்தாரு. மாமாவும் அத்தையும் முதல் பஸ்ஸுக்கே கோர்ட்டுக்கு வந்துருவாங்களாம், அத்தை ஆள்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க. மாமா சொல்லச் சொன்னாராம்.

அங்க எவனாவது உன்னைக் காட்டி, இவதான் அந்த விரல் வச்சவன்னு சொல்லட்டும். ஆமா, எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்றதுக்கு நாங்க நாலு பேர் பக்கத்துல இருப்போம்.

கப்பல் வர்ற அன்னைக்கு ஹேடோ ஜெட்டிக்கு வந்துரு. வரும்போது சாப்பிட்டுட்டு வா.
அக்கா